எழுத்தே இல்லாத புத்தகம்... 'அப்புறம்?' என்று கேட்டுப் பாருங்கள்!

"வைத்தியரய்யா, இவன் நாக்குல கொஞ்சம் வசம்பு தடவி விடுங்க. மூணு வயசாச்சு, பேச மாட்டுக்கான்."

வாரத்துக்கு ஒரு தரமாவது இந்த வார்த்தையைக் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் பாட்டிதான் சொல்லுவார். பக்கத்தில் அம்மா கவலையோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளையின் கையில் அப்பாவின் செல்போன் இருக்கும்.

நான் வசம்பை எடுப்பதில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் மடியில் வைக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் படம். ஓர் எழுத்துகூடக் கிடையாது. அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். "எழுத்தே இல்லையே சார்... இத வச்சு என்னத்தச் சொல்லிக்கொடுக்க?"

நியாயமான கேள்வி. காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தில் நாலு எழுத்தாவது இருக்க வேண்டாமா என்றுதான் நமக்குத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. சித்த மருத்துவம் படித்தவனுக்குப் படப் புத்தகத்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பாய் மீது ஒரு தவளைக் கதை

2011-ம் வருஷம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் மாதம் ஒரு தரம் என்னைக் கூப்பிடுவார்கள். பல், பேன், வயிற்றுப்பூச்சி என்று பிள்ளைகளைப் பார்த்து, பெற்றோருக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். அன்றைக்கு நான் போனபோது எல்.கே.ஜி. டீச்சர் பாயை விரித்து ஆறு பிள்ளைகளை மட்டும் சுற்றி உட்காரவைத்திருந்தார். மற்றவர்கள் இன்னொரு டீச்சரோடு வெளியே மணலில். டீச்சர் கையில் ஒரு சின்னப் புத்தகம். சிங்கப்பூரில் இருக்கும் அவர் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்ததாம். மெர்சர் மேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1969-ல் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் 'தவளையே, நீ எங்கே?' என்று சொல்லலாம். பளிச்சென்று பல வண்ணம்கூடக் கிடையாது. மொத்தம் 24 கோட்டுப் படங்கள், அவ்வளவுதான்.

கதை இதுதான். ஒரு பையன், ஒரு நாய், கண்ணாடி ஜாடிக்குள் ஒரு தவளை. இரவில் இருவரும் தூங்கும்போது தவளை நழுவிவிடுகிறது. காலையில் ஜாடி காலி! தேடுகிறார்கள். நாய் ஜாடிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது. காட்டுக்குப் போகிறார்கள். தேன்கூடு விழுகிறது, பொந்துக்குள்ளிருந்து ஆந்தை வருகிறது, பையன் பாறைமேல் ஏறிக் கிளை என்று நினைத்து எதையோ பிடிக்கிறான்... அது மானின் கொம்பு. மான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடித் தண்ணீரில் தள்ளிவிடுகிறது. கடைசியில் ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் தவளையும் அதன் ஜோடியும் குட்டித் தவளைகளும்!

டீச்சர் இந்தக் கதையைச் சொல்லவே இல்லை. அதுதான் விசேஷம். முதலில் எல்லாப் பக்கங்களையும் வாயைத் திறக்காமல் மெதுவாகப் புரட்டிக் காட்டினார். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு படத்திலும் நிறுத்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "அப்புறம்?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மனசுக்குள் பத்து எண்ணலாம், அவ்வளவு நேரம். நமக்கெல்லாம் அந்தப் பொறுமை கிடையாது. மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம்.

"தவள ஹார்லிக்ஸ் பாட்டில்லேருந்து இறங்கி ஓடுது டீச்சர்!"

"ஓடல, தாண்டுது!"

"அவுங்க அம்மாவத் தேடிப் போவுது..."

இப்படி ஆளுக்கொன்று. டீச்சர் யாரையும் தப்பு என்று சொல்லவில்லை. "தாண்டுதா? எதுல தெரியுது?" என்பார். பிள்ளை படத்தில் விரலை வைத்து, "கால் இந்தாருக்கு பாருங்க" என்று காட்டும். ஒரு பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "நீ சொன்னது இதுதான்" என்று வாசித்துக் காட்டினார். அந்தப் பிள்ளை அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது! வாயில் வந்த பேச்சு காகிதத்திலும் உட்காரும் என்பதை அந்த வயசில் இதைவிட எளிதாக எப்படிப் புரியவைப்பது?

மொழி ஆராய்ச்சிக்கும் அதே தவளைதான்

இந்தத் தவளைப் புத்தகம் சாமானியப்பட்டதல்ல என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். குழந்தைகளின் மொழி வளர்ச்சியை ஆராய்ந்த ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் என்ற இரண்டு அறிஞர்கள் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி என ஐந்து மொழிப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இதே படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். 1994-ல் அது பெரிய நூலாக வந்தது. அதற்குப் பிறகு உலகில் எத்தனையோ மொழிகளில் இதே தவளையைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். எழுத்து இல்லாததால் எந்த மொழிக்கும் அது பொதுச் சொத்து!

அவர்கள் கண்டது என்ன? மூன்று வயசுப் பிள்ளை பெரும்பாலும் படம் படமாகத்தான் சொல்லும். 'நாய்... பையன்... இந்தா மான்.' ஐந்து வயசில் ஒன்றோடொன்றை ஒட்டவைக்கத் தொடங்கும். ஒன்பது வயசில்தான் 'தவளையைத் தேடுவது' என்ற ஒரே நூலில் எல்லாவற்றையும் கோக்கும் திறமை நன்றாக வருகிறது.

தமிழில் இதை நீங்களே வீட்டில் கேட்கலாம். "ஏறுனான். விழுந்தான்" என்று துண்டு துண்டாகச் சொன்ன பிள்ளை, ஒருநாள் "மரத்துல ஏறி, எட்டிப் பாத்து, பயந்து, கீழ விழுந்துட்டான்" என்று ஒரே மூச்சில் சொல்லும். இலக்கணத்தில் வினையெச்சம் என்று பரீட்சைக்குப் படித்தோமே, அதேதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த 'ஏறி, பாத்து, பயந்து' வரும்போது, பிள்ளையின் மனசில் காரணமும் காரியமும் கோக்கப்படுகின்றன என்று அர்த்தம். இதைத் தினமும் பக்கத்திலிருந்து கேட்கும் பாக்கியம் எல்.கே.ஜி. டீச்சர்களுக்குத்தான்.

வாயே திறக்காத ஒரு பையன்

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆறு பிள்ளைகளில் ஒரு பையனைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. என் நோயாளி. நாலு வயசு நெருங்குகிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் பாட்டி அழைத்துவந்திருந்தார். "அம்மா, அப்பானு ஏதோ சொல்லுவான், மத்தது ஒண்ணும் இல்ல" என்றார். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பலமாகக் கை தட்டினேன். திரும்பினான். "காது நல்லாத்தான் இருக்கு. சில பிள்ளைங்க தாமதமாத்தான் பேசும்" என்று சொல்லி வல்லாரை நெய் கொடுத்தேன். மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

டீச்சர், பையன் பாறைமேல் நிற்கும் பக்கத்துக்கு வந்தார். மற்ற பிள்ளைகள் "கிளயப் பிடிச்சிருக்கான்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் எழுந்தான். இரண்டு கைகளையும் விரல் விரித்துத் தலைமேல் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு அறை முழுக்க ஒரு ஓட்டம் ஓடினான். திடீரென்று நின்றான். குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் தண்ணீர் அடிப்பதுபோல் அடித்தான். அடுத்த மூன்று பக்கங்களின் கதை அது! அவனைப் பார்த்த பிறகுதான் மற்ற பிள்ளைகளுக்கே அது கிளை இல்லை, கொம்பு என்று உறைத்தது.

பிள்ளைகள் வெளியே போனதும் டீச்சர் என்னிடம் சொன்னார்: "சார், இவனுக்குக் கதை நல்லாத் தெரியுது. நான் முகத்தப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்கிடுதான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒண்ணும் இல்ல. 'மிட்டாய்'னு மெதுவாச் சொல்லிப் பாத்தேன், அப்பவும் திரும்பல. காதக் கொஞ்சம் பாக்கச் சொல்லலாமா?"

எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. எங்கள் சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். 'மொழி' அதில் ஒன்று! கல்லூரியில் மனப்பாடமாகச் சொன்னவன் நான். அந்தப் பையனின் மொழியை நான் தேர்வு செய்யவில்லை. ஒரு கைதட்டலோடு நிறுத்திக்கொண்டேன்.

பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. முழுச் செவிடு இல்லை. கதவு டமாரென்று அடித்தால் கேட்கும், வெடிச் சத்தம் கேட்கும், பலமான கைதட்டலும் கேட்கும். மெதுவான பேச்சு மட்டும் கேட்காது. அதிலும் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் சுத்தமாக விழாது. கைதட்டிப் பார்ப்பது காதுப் பரிசோதனையே அல்ல என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் இது. கருவி மாட்டி, பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பேச்சு வந்தது. இப்போது வாலிபனாகிவிட்டான். 'ச'வும் 'ஸ'வும் இன்னும் அவன் நாக்கில் கொஞ்சம் நழுவும். அவன் பாட்டி கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். படப் புத்தகம் காதுப் பரிசோதனைக் கருவி இல்லை. டீச்சரும் அப்படிப் பயன்படுத்தவில்லை. பிள்ளைக்கு என்ன புரிகிறது என்பதைப் பேச்சின் துணையில்லாமல் பார்க்க ஒரு சந்தர்ப்பம் அமைந்தது. கவனமான ஒருவர் அதைக் கவனித்தார், அவ்வளவுதான். எழுத்துப் புத்தகத்தை டீச்சரே படித்துக் காட்டியிருந்தால் இவன் 'கவனிக்காத பையன்' என்று மூலையில் உட்கார்ந்திருப்பான்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

ஒன்றேகால் வயசு தாண்டியும் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயசாகியும் 'பால் வேணும்', 'தாத்தா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, வந்த பேச்சு நின்றுபோகிறது, நீங்கள் விரலால் காட்டும் பக்கம் பிள்ளை பார்ப்பதே இல்லை... இவற்றில் எது இருந்தாலும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டிக் காதை முறையாகச் சோதியுங்கள். பிறந்த சில நாட்களிலேயே செய்யக்கூடிய சோதனைகள் வந்துவிட்டன. தூங்கும் பிள்ளைக்கே செய்யலாம், வலி கிடையாது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு சேவை மையம் என்று அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த மையங்கள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அமைந்தவை. அங்கே காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் பார்ப்பார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டும் கேட்கும் திறன் குறையலாம். அதைச் சரிசெய்ய முடியும்.

படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்கிற பிள்ளையைக் கண்டால் கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

வசம்பு? 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர் வாங்கிய சரக்குதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. அதோடு, வசம்பிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். வீட்டில் நீங்களாக உரைத்துக் கொடுக்க வேண்டாம்.

செல்போனைப் பற்றியும் ஒரு வரி. ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயசுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. செல்போனிலும் படம்தானே என்பார்கள். அந்தப் படம் பிள்ளை பேசுவதற்காக நிற்காதே! தானாக ஓடிவிடும். புத்தகத்துப் படம் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

கேள்வி கேட்கிற விதம்

"இது என்ன? இது என்ன கலர்? இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" வந்த விருந்தாளி முன்னால் பிள்ளையை நிறுத்தி நாம் நடத்தும் பரீட்சை இதுதான். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் பிள்ளை ஓடிவிடும். பரீட்சைக்குப் பயந்த பிள்ளை அதையும் சொல்லாது. அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் குழு 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. இரண்டு, இரண்டரை வயசுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பகுதியினருக்கு, படப் புத்தகத்தைப் பார்க்கும்போது 'ஆமாம்-இல்லை'யில் முடியாத கேள்விகளைக் கேட்கவும், பிள்ளை சொன்னதை எடுத்து இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களை முந்திவிட்டார்கள்.

பிள்ளை "நாய் விழு" என்றால், "ஆமா, நாய் ஜன்னல்லேருந்து தொபுக்கடீர்னு விழுந்துட்டுது. அப்புறம்?" என்று சொல்லுங்கள். தப்பைத் திருத்தும் தொனி வேண்டாம். நல்ல பேச்சு காதில் விழுந்தால் போதும். 'ஏன் அழறான்?', 'நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?' என்பதெல்லாம் நாலு வயசுக்கு மேல். சின்னதுகளுக்கு 'அப்புறம்' ஒன்றே போதும்.

வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது நடக்காது. ஆறு ஏழு பேராகப் பிரித்து உட்காரவைத்தால்தான் நடக்கும். அதற்கு இன்னொரு கை வேண்டும். இதைப் பள்ளி நிர்வாகங்களுக்குத்தான் சொல்கிறேன். வாரம் ஒருநாள் ஒரு அம்மாவோ தாத்தாவோ வந்து உட்காரலாமே!

எழுத்தில்லாத புத்தகமே போதும், எழுத்து வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தைத் தனியாகக் கற்றுத்தான் ஆக வேண்டும், கதைகளைப் படித்துக் காட்டவும் வேண்டும். இது அவற்றுக்கு முன்னாலும் கூடவும் போகிற சமாச்சாரம்.

பாஷை தெரியாத இடத்தில்...

இத்தாலிக்குச் சொந்தமான லாம்பெடூசா என்று ஒரு குட்டித் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் படகில் தப்பிவரும் அகதிகள் கரையேறும் இடம். அங்கே வரும் குழந்தைகளுக்கும் உள்ளூர்க் குழந்தைகளுக்கும் எந்த மொழியில் புத்தகம் வைப்பது? இளையோர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பு 2012-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. பல நாடுகளிலிருந்து சொற்களில்லாப் புத்தகங்களாகவே சேர்க்கத் தொடங்கினார்கள். 'மௌனப் புத்தகங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். நம் ஊர் வகுப்புகளிலும் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை, முதல் நாளே கலந்துகொள்ள வேறென்ன இருக்கிறது?

அவ்வளவு தூரம் போவானேன், மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். பல்லவர் செதுக்கிய அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தில் கதை இன்னதென்று எழுதிவைக்கவில்லை. அதனால்தான் அர்ஜுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள்! பிள்ளைகளுக்கு அந்த வழக்கெல்லாம் கிடையாது. யானைக் காலடியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறதே, சுற்றிலும் எலிகள்! நேரே அங்கேதான் போவார்கள். 'அப்புறம்?' என்று கேளுங்கள். எலிகள் தப்பித்தனவா இல்லையா என்று பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறு கதை வரும்.

வீட்டிலேயே செய்யலாம்

கடையில் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். தோசை சுடுவதை ஆறு படமாக எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். மாவுப் பாத்திரம், கல்லில் எண்ணெய், ஊற்றும் கை, ஓரம் சிவந்த தோசை, தட்டு, கடைசியில் காலித் தட்டு. பழைய காலண்டர் அட்டையில் ஒட்டித் துளை போட்டு நூலால் கட்டிவிடுங்கள். பிள்ளையின் கையே அதில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு படத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பாருங்கள், "நடுவுல ஒண்ணக் காணும்" என்று பிள்ளை கண்டுபிடிக்கும் நாளில் உங்களுக்கே சந்தோஷமாயிருக்கும். இந்தப் புத்தகத்துக்கு வாசிக்கத் தெரிய வேண்டாம் என்பதால் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் கூச்சமில்லாமல் உட்காரலாம். உண்மையில் அவர்களுக்குத்தான் நேரமும் கதையும் அதிகம்.

தவளைப் புத்தகத்தின் கடைசிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பையன் கையில் ஒரு குட்டித் தவளை இருக்கிறது. கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் தவளைக் குடும்பத்துக்குக் கை காட்டிவிட்டுப் போகிறான். அது பழைய தவளையா, அதன் குட்டியா, கொடுத்ததா, எடுத்ததா? படத்தில் பதில் இல்லை.

அன்று பாயில் இருந்த ஒரு பெண்குழந்தை அழுகிற குரலில், "அம்மாத் தவள அழும் டீச்சர், குட்டியத் தூக்கிட்டுப் போறான்" என்றது. பக்கத்திலிருந்த பையன் உடனே, "அழாது. எங்க அண்ணன ஹாஸ்டல்ல விட்ட மாதிரி. லீவுக்கு வந்துரும்" என்றான். டீச்சர் வழக்கம்போல் இருவரையும் பார்த்து "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மணி அடித்தபிறகும் அந்த இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைத் திருப்ப விடவில்லை.